எத்திராஜ் மூடிய புகார்

ஜெர்மன்காரனை அதட்டக்கூடிய ஆள் பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் எத்திராஜ். அவரை ரேஷன் கடைக்காரர் அதட்டுவார். ஈஜிபுராவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கம்பெனி வைத்து அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்த சேஷகிரி அதட்டுவார். மனைவி சம்பூர்ணம் அதட்டுவதற்கு நேரம் காலமே கிடையாது. ஆனால் காலையில் பல் துலக்கிவிட்டு அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், பிராங்ஃபர்ட் எஞ்சினியரும் பிரேசில் வாத்தியாரும் அவர் எதிரில் கை கட்டி நின்றார்கள். நின்றதாக அவர் நினைத்துக்கொண்டார். கண்ணில் படாதவர்கள் கையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் எப்படிச் சொல்வது?

ஆர்மடில்லோ என்று ஒரு மென்பொருள். கட்டம் போட்ட தாளில் எழுதுகிற மாதிரி வரிசை வரிசையாகத் தகவல்களை அடித்து வைக்கலாம். உலகத்தில் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். கம்பெனி என்று ஒன்று இல்லாததால், பழுது என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. அதற்குப் பதில் ஓர் இணையப் பக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் அதில் புகார் எழுதலாம். எழுதியதும் அதன் தலையில் ‘புதியது’ என்று விழும். யாராவது அதைச் சோதித்துப் பார்த்து ‘உறுதி’ என்று மாற்றினால்தான் நிரல் எழுதுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் ‘மூடப்பட்டது’. சோதிக்கிற வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆகவே தொண்டர்கள் செய்தார்கள். தொண்டர்களில் ஒருவர் எத்திராஜ்.

இந்த இடத்தை அந்தத் தொழில்காரர்கள் அப்ஸ்ட்ரீம் என்பார்கள், ஆற்றின் மேல்பக்கம் என்ற அர்த்தத்தில். சம்பூர்ணத்துக்குப் புரியட்டும் என்று எத்திராஜ் அதை ‘மேலிடம்’ என்று சொல்லி வைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து, “மேலிடத்துல கூப்டுறாங்கோ” என்று அவர் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆள் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள்.

எத்திராஜ் கெட்டவர் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். ஆரம்பத்தில் அவர் ஒவ்வொரு புகாரையும் சிரத்தையாகச் சோதித்துப் பார்த்தார். சோதித்தால் பெரும்பாலும் உண்மையாக இருந்தது. அதுதான் தொல்லை. உண்மையான புகார் திறந்தே கிடக்கும். திறந்து கிடப்பவை சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்துகொண்டே போனால் தொண்டர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். இதற்கு வழி காட்டியவர் ரேஷன் கார்டு ஆபீஸில் இருந்த சின்னப்பா.

கல்யாணமானபின் சம்பூர்ணத்தின் பெயரைக் கார்டில் சேர்க்க எத்திராஜ் அந்த ஆபீஸுக்கு நடையாய் நடந்திருந்தார். சின்னப்பா ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அது முரட்டு ஆட்களின் வழி. “ஒந்து ஜெராக்ஸ் குறையுது பாருங்கோ” என்று கன்னடம் கலந்து சொல்வார். அதைக் கொண்டுபோனால், அது பழைய பாரம், புதிய பாரத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பார். புதிய பாரம் ஸ்டாக் இல்லை. ஸ்டாக் வந்தபோது மனுவின் காலம் கடந்திருந்தது. அந்தக் கவுண்டரில் நின்றவர்கள் எல்லாரும் சின்னப்பாவை மனசுக்குள் திட்டினார்கள். எத்திராஜ் மட்டும் ரசித்தார்.

ரசித்ததை அப்படியே மேலிடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். எந்தப் பதிப்பு என்று கேட்டார். பதில் வந்தால், அது பழசு, நேற்று வந்த பதிப்பில் சோதித்துப் பாருங்கள் என்றார். அதை இறக்கிக்கொள்ளவே அந்தக் காலத்து டெலிபோன் லைனில் பாதி நாள் பிடிக்கும். அதையும் செய்து முடித்தவனிடம் மாதிரிக் கோப்பு ஒன்று கேட்டார். கோப்பும் வந்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமாகப் பார்த்து இன்னொரு கேள்வி போட்டார். வெள்ளைக்காரன் லீவு போட்டு மலைக்குப் போயிருப்பான். ஜனவரியில் எத்திராஜ் கைவிரலால் ஒரு தட்டு தட்டுவார்: ‘புகார்தாரரிடமிருந்து பதில் இல்லை. மூடப்பட்டது.’ அதன் கீழே தன் கையெழுத்து: ‘எத்திராஜ், மூத்த புகார் மேற்பார்வையாளர், ஜீவனஹள்ளி, பெங்களூர்.’ அந்தப் பதவியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. யாரும் பறிக்கவும் இல்லை.

வீட்டிலும் அந்த வாடை அடித்தது.

“கூரை ஒழுவுது, ஆளைக் கூப்டுன்னு எப்போலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்?” என்பாள் சம்பூர்ணம்.

“ஒழுவுறப்போ காட்டு. நான் பார்க்கணும்.”

“மழை பேயுறப்போ நீ ஆபீஸ்ல இருக்கிறே.”

“அப்போ என் கண்ணுக்கு ஒழுவலே. ஒழுவாததுக்கு ஆள் எதுக்கு?”

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் முடியும் நேரத்தில் ஹென்ரிக் என்பவர் எல்லாத் தொண்டர்களுக்கும் ஒரு மெயில் போட்டார். ஆர்மடில்லோவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் அவர். புதிய பதிப்பு வரப்போகிறது. அதற்குள் திறந்து கிடக்கும் புகார்க் குவியல் குறைய வேண்டும். நன்றாக உழைக்கிற தொண்டரை ஹாலந்தில் நடக்கும் வருடாந்தர மாநாட்டுக்கு, விமானச் செலவு கொடுத்து அழைப்போம் என்று எழுதியிருந்தார். எத்திராஜ் அதைப் படித்து முடித்த கையோடு பாஸ்போர்ட் எடுக்கப் போனார். அடுத்த வாரம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்கிறவளுக்குக்கூட அவர் ஃபாரின் போகிற சேதி தெரிந்திருந்தது. இவ்வளவு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. இனி போகாமல் இருக்க முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆஷாவின் புகார் வந்தது.

ஆஷா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டெம்பரரியாக வேலை பார்த்தவள். வீடு கோலார் தங்க வயலில். அப்பா சவரிமுத்து சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடியபின் வீட்டில் இருந்தார். தினமும் விடிகாலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புகிற இந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் இலவசம் என்பதால் ஆர்மடில்லோ போட்டிருந்தார்கள். அரையாண்டுப் பரீட்சை மார்க்கை எல்லாம் அவள்தான் அதில் ஏற்றினாள். ஒருநாள் பத்தாம் வகுப்பில் ‘பி’ பிரிவை மட்டும் காட்டும்படி வைத்து, பார்த்து முடித்து, சேமித்து மூடினாள். மறுநாள் திறந்தால் ‘பி’ பிரிவு மட்டும் இருந்தது. காட்டாமல் மறைத்து வைத்திருந்த மற்ற எல்லாப் பிள்ளைகளும் மார்க்கோடு போய்விட்டார்கள். விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் ஏற்கனவே திருப்பிக் கொடுத்தாயிற்று.

தலைமையாசிரியை பாகீரதிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மனிதர்களைத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. ‘ஏ’ பிரிவில் தேறாத பெரிய இடத்துப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். இந்தப் பெண் அங்கே கை நீட்டிவிட்டாள் என்று அவர் முடிவு கட்டினார். பழுது மென்பொருளில்தான் என்றால் கம்பெனியிடமிருந்து சீல் வைத்த லெட்டர் வாங்கி வா, கமிட்டி கூடும் வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் வேலையும் இல்லை, நன்னடத்தைச் சான்றிதழும் இல்லை என்றார். ஆர்மடில்லோவுக்குக் கம்பெனியும் இல்லை, சீலும் இல்லை. கடைசியில் புகார்ப் பக்கத்தில் ‘உறுதி’ என்று விழுந்தால் அதைக் கமிட்டி பார்க்கலாம் என்ற அளவுக்கு ஆஷா கெஞ்சி இறக்கி வைத்திருந்தாள்.

இதையெல்லாம் அவள் புகாரிலேயே எழுதியிருந்தாள். ‘மதிப்பிற்குரிய ஐயா’வில் தொடங்கி, ரயில், அப்பா, பாகீரதி, கமிட்டி எல்லாம் வந்தன. பழுதை எப்படி வரவழைப்பது என்பதும் நடுவில் பிசகில்லாமல் இருந்தது. எத்திராஜ் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். ஜெர்மன்காரன் எழுதியிருந்தால் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு என்று கேட்டிருப்பார். இது நம்ம ஊர்ப் பெண். நம்ம ஆட்களுக்கு இடம் கொடுத்தால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? ‘இது சொந்தக் கஷ்டங்களை எழுதும் இடமல்ல. மூடப்பட்டது’ என்று போட்டார்.

அவள் கஷ்டத்தையெல்லாம் எடுத்துவிட்டு, பழுதை மட்டும் எழுதி மறுபடி போட்டாள். ‘ஏற்கனவே மூடப்பட்ட புகார். மூடப்பட்டது.’

இதற்குமேல் ஒரு ஜெர்மன்காரன் என்றால் வேறு மென்பொருளுக்கே போயிருப்பான். ஆஷா தங்க வயலில் பிறந்தவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் சரி, அப்பாவின் செட்டில்மென்ட் வரவில்லை என்றாலும் சரி, மனு நின்றுபோனால் அதை எந்த ஆபீஸர் நிறுத்தினார் என்று பார்த்து, அவர் வீட்டுக்கு நேரில் போவதுதான் அங்கே முறை. கையெழுத்தைப் பார்த்தாள். ஜீவனஹள்ளி. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரம்!

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகாமல் அப்பாவும் மகளும் ரயிலேறி வந்தார்கள். ஜீவனஹள்ளியில் கேட்ட முதல் ஆளே, “ஃபாரின் எத்திராஜா? அதோ, பச்சை கேட்டு” என்று காட்டிவிட்டான். சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இரண்டு படி ஏறியதும் நின்று இருமினார். கையில் பேக்கரிப் பெட்டி, உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த்.

எத்திராஜ் லுங்கியில் இருந்தார். சேதி இன்னதென்று தெரிந்ததும் உள்ளே போய்ப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனு அவர் வீடு தேடி வந்திருக்கிறது.

“இன்னாம்மா, ஞாயித்துக்கெழமை கூட விட மாட்டீங்களா?” என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

“மன்னிச்சுக்குங்க சார். வெள்ளிக்கிழமை கமிட்டி சார். ‘உறுதி’ன்னு ஒரு வார்த்தை மட்டும் போட்டீங்கன்னா…”

“வார்த்தைன்னா சும்மாவா? அது மேலிடத்து வார்த்தை. ஹாலந்து வரைக்கும் போவும்.”

“அய்யா,” என்றார் சவரிமுத்து, “சுரங்கத்துல நாங்க உள்ள எறங்கும்போது மேல ஒருத்தர் மணி அடிப்பாரு. அவரு கையில எங்க உசுரு. நீங்க அந்த எடத்துல இருக்கிறீங்கோ.”

எத்திராஜுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. “பெரியவரே, உக்காருங்கோ, உக்காருங்கோ” என்று நாற்காலியைக் காட்டினார். “ஆனா பாருங்கோ, ரூல்ஸுனு ஒண்ணு இருக்குது இல்ல?”

“என்னா ரூல்ஸு?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. “அந்தப் பொண்ணு கரெக்டா சொல்லுதா இல்லியான்னு மிஷின்ல போட்டுப் பாரேன். அதானே உன் வேலை?”

“நீ காப்பியைப் பாரு.”

ஆனால் அவர் மறுக்கும் முன்பே ஆஷா மாதிரிப் பட்டியல் ஒன்றைப் போட்டு எடுத்துவந்திருந்த பிளாப்பியை நீட்டிவிட்டாள். வந்தவர்கள் எதிரில் முடியாது என்று சொல்வது முரட்டு ஆட்களின் வழி. எத்திராஜ் பிளாப்பியைச் செருகினார். அவள் சொல்லச் சொல்ல, ஒரு பிரிவை மட்டும் காட்டச் செய்தார், சேமித்தார், மூடினார், திறந்தார்.

மற்றதெல்லாம் போயிருந்தது.

“அடப்பாவி, போச்சே!” என்றாள் சம்பூர்ணம், காப்பித் தம்ளரோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்று.

ஆஷா அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். “பாத்தீங்களா சார்? நீங்களே பாத்துட்டீங்க!” சவரிமுத்துவுக்குத் திரையில் என்ன நடந்தது என்று விளங்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

எத்திராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பழுதைவிடப் பெரியதாக வேறொன்று தெரிந்தது. தகவலையே அழிக்கிற பழுது என்றால் புதிய பதிப்பே நின்றுவிடும். ஹென்ரிக் கேட்பார்: இதை ஏற்கனவே இரண்டு தடவை மூடியது யார்? கையெழுத்து, ஊர் பேரோடு அங்கேயே இருக்கிறது. ஹாலந்து அவர் கண்ணெதிரில் இருந்து, பிறகு அந்தப் பிள்ளைகளின் மார்க் மாதிரி, இல்லாமல் போயிற்று.

“ஹும்,” என்றார். “இதை நான் ஆராய்ஞ்சு எழுதறேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சார்…”

“எழுதறேன்னு சொல்றேன் இல்ல?”

“உறுதின்னு போட்டுருவீங்க இல்ல சார்?”

“போம்மா, நிம்மதியா போ. நான் பாத்துக்கறேன்.”

படி இறங்கும்போது சவரிமுத்து திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை கும்பிட்டார். எத்திராஜ் கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அந்த அசைவு அவருக்கு நன்றாக வந்தது. கதவைச் சாத்தியபின் கண்ணாடி முன் ஒருமுறை செய்துபார்த்தார். அப்புறம் தில்பசந்தில் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டார்.

எழுதுகிறேன் என்று சொன்னவர் எழுதவும் செய்தார்; சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை, ஆபீஸுக்குப் புறப்படும் முன்: ‘புகார்தாரரை நேரில் சந்தித்தேன். சில வரிகளை மறைத்து வைத்த நிலையிலேயே சேமித்திருக்கிறார். பயன்படுத்தத் தெரியாததால் வந்த தவறு, மென்பொருளில் பழுதில்லை. பயிற்சி தேவை. மூடப்பட்டது.’ கூடவே இனி யாரும் அங்கே பதில் எழுத முடியாதபடி பூட்டும் போட்டார். ஹென்ரிக்கிடமிருந்து அன்றைக்கே ஒரு வரி வந்தது: ஒரு புகார்தாரரை நேரில் சந்தித்த தொண்டரை இந்தத் திட்டம் இதுவரை கண்டதில்லை, அருமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. சம்பூர்ணம் எடுத்தாள். எத்திராஜ் நாற்காலியில் இருந்தபடியே, நான் இல்லை என்று கையை ஆட்டினார்.

“அவரு இல்லம்மா. சொல்லு… ஆங்… ஆங்…” சம்பூர்ணத்தின் முகம் மாறியது. “அய்யோ, அழாதம்மா.”

அவள் வீட்டு நம்பரைக் கேட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, போனை வைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

“என்னாவாம்?”

“நீ எழுதினதைக் கமிட்டி முன்னாடி அந்த டீச்சரம்மா படிச்சாங்களாம். சத்தமா. ‘நீயே காட்டுன பக்கம், நீயே பாத்த ஆபீஸரு, அவரே உனக்கு வேலை தெரியலைன்னு எழுதிட்டாரு’ன்னாங்களாம். பொண்ணை அப்பவே அனுப்பிட்டாங்கோ. சர்டிபிகேட்டும் இல்லியாம்.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? பள்ளிக்கூடத்து ரூல்ஸு எனக்கா தெரியும்?”

“நீ கண்ணால பாத்தியே, யோவ். நானும்தானே பாத்தேன்!”

“நீ பாத்தது என் மிஷின்ல. என் மிஷின் பழசு.”

சம்பூர்ணம் உள்ளே போனாள். பேக்கரிப் பெட்டியில் மிச்சமிருந்ததைத் தெரு நாய்க்குப் போட்டாள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

புதிய பதிப்புக்கு நாள் நெருங்கியபோது ஹாலந்திலிருந்து ஒரு பேராசிரியர் புகார் எழுதினார். மொத்தம் இரண்டு வரி. ஐயா இல்லை, அப்பா இல்லை, ரயில் இல்லை. சில வரிகளை மறைத்து வைத்துச் சேமித்தேன். என் ஆராய்ச்சித் தகவல் அழிந்துவிட்டது. இது என்ன கேவலம்?

எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹாலந்து! மாநாடு நடக்கிற நாடு. அந்த மனிதர் மாநாட்டுக்கே வந்தாலும் வரலாம். இவரிடம் ஜெராக்ஸ் கேட்க முடியாது. அன்று காலைப் பலகாரம் ஆறிப்போக, எத்திராஜ் பழுதை வரவழைக்கும் வழியை அடியிலிருந்து நுனிவரை எழுதினார். சிரமப்படவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் பக்கத்தில் நின்று சொன்னதெல்லாம் வரிசையாக நினைவில் இருந்தது. மேலே ‘உறுதி’ என்று மாற்றினார். ‘மிக அவசரம்’ என்றும் சேர்த்தார். உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு வருந்துகிறேன் என்று எழுதினார். அவர் வருந்தத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஹென்ரிக் புதிய பதிப்பை நிறுத்தி வைத்தார். நிரல்காரர்கள் பழுதைத் திருத்தினார்கள். ‘இவ்வளவு துல்லியமாகப் பழுதைப் பிடித்துக்கொடுத்த எத்திராஜ் இல்லையென்றால் எத்தனை பேருடைய தகவல் அழிந்திருக்கும்!’ என்று எல்லாருக்கும் மெயில் போனது. அதோடு அழைப்பும் வந்தது.

எத்திராஜ் அதைச் சம்பூர்ணத்துக்குத் தமிழில் படித்துக் காட்டினார்.

“இது அந்தக் கேஜிஎஃப் பொண்ணு சொன்னதுதானே?” என்றாள் அவள்.

“அது வேற, இது வேற.”

“எது வேற?”

“இவரு புரொபசரு.”

அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள். ஊருக்குப் போகிற வரைக்கும் அவரிடம் சாப்பிடு என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. எத்திராஜ் அதைப் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டார்.

கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. ஒரே பழுதுக்கு இரண்டு பக்கம் இருந்தால் மேலிடத்தில் பிடிக்காது. பழையதைப் புதியதோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பாராட்டு மெயிலே போய்விட்டதால் அதை மூடியது யார் என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. எத்திராஜ் ஆஷாவின் பக்கத்தைத் திறந்து, பேராசிரியர் புகாரின் நகல் என்று குறித்தார். அப்படிக் குறித்தால் முதலில் எழுதியவருக்குத் தானாக ஒரு மெயில் போகும்: உங்கள் புகார் உறுதி செய்யப்பட்டது, பழுது திருத்தப்பட்டது, உங்கள் பங்களிப்புக்கு நன்றி. அவள் கேட்ட வார்த்தை அதில் இருந்தது.

மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது. அது பள்ளிக்கூடம் கொடுத்திருந்த முகவரி; அந்தப் பெயரில் இப்போது அங்கே யாரும் இல்லை என்றது. மெயில் திரும்பினால் கணக்கை முடக்க வேண்டும் என்பது விதி. சம்பூர்ணம் போன் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்த தங்க வயல் நம்பர் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. விதியில் போன் பண்ணச் சொல்லவில்லை. எத்திராஜ் முடக்கு என்ற பொத்தானை அழுத்தினார். பக்கம் காரணம் கேட்டது.

‘ஆளைக் காணவில்லை’ என்று எழுதினார்.